கேட்காமல் எடுக்கும் கை



சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். நிலம் போகப்போகிறதே என்று தூக்கமில்லாமல் இருக்கும் சனங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு எதைச் சுருக்குவது?

1894-இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். பொதுநோக்கம் என்று எழுதிவிட்டால் போதும், உங்கள் பாட்டன் வெட்டிய கிணறும் அவனுக்குச் சொந்தம். 119 வருஷம் அதைச் சுமந்தோம். 2013-இல் நாடாளுமன்றம் அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. நிலமெடுக்கும் முன்னால் ஊருக்கு என்ன பாதிப்பு என்று ஆராய வேண்டும், கிராம சபையைக் கலந்து பேச வேண்டும். தனியார் கம்பெனிக்கென்றால் நூற்றுக்கு 80 குடும்பம் சம்மதிக்க வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டமென்றால் 70. எடுக்கிற கைக்கு முதன்முதலாக ஒரு கட்டு விழுந்தது!

கை தட்டாதீர்கள், மீதியையும் கேளுங்கள். அந்தக் கட்டை அவிழ்த்தது யார்? நம்முடைய கோட்டைதான்! 2014-இல் 105-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். நெடுஞ்சாலைக்கு ஒன்று, தொழிற்பேட்டைக்கு ஒன்று, நலத்திட்டத்துக்கு ஒன்று என மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு. ஆய்வும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சும்மா விட்டார்களா? அதே வருஷம் முன்தேதியிட்டு இன்னொரு சட்டம். 2021-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தீர்ப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் என் கேள்வி தீர்ப்பைப் பற்றியதல்ல. எங்களைக் கேட்பதற்கு உங்களுக்கு என்ன பயம்?

இழப்பீடு உண்டே என்கிறார்கள். ஐயா, பணத்தைப் பற்றியா பேசுகிறோம்? 2018-இல் சேலம் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டார்களே, 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம். அங்கே நிலமெடுத்தது மத்தியச் சட்டத்தில், அதற்கும் இதே விலக்கு. அப்போது வயலில் விழுந்து மண்ணை அள்ளிக்கொண்டு அழுத பாட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே! பேர் சொல்ல மாட்டேன், அதில் ஒரு பாட்டி என் மனசை விட்டுப் போகவில்லை. அந்தத் தாய் விலை பேசினாளா? இல்லை. என்னைக் கேட்டாயா என்றுதான் கேட்டாள்!

அதையேதான் பரந்தூர் பக்கம் ஏகனாபுரம் கேட்கிறது. புது விமான நிலையத்துக்குப் பல கிராமங்களில் ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கர். அதில் ஏரி இருக்கிறது, கால்வாய் இருக்கிறது. கிராம சபை கூடிக் கூடி வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. விமான நிலையம் வரட்டுமா கூடாதா என்பது இரண்டாவது பேச்சு. ஊர் எழுதிய தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா? எடுப்பது எந்தச் சட்டத்தில் தெரியுமா? சம்மதம் கேட்கத் தேவையில்லாத அந்தத் தொழிற்பேட்டைச் சட்டத்தில்!

இங்கே சிலருக்குக் கோபம் வருகிறது, தெரிகிறது. வரட்டும். எதிர்க்கட்சியில் இருந்தால் தோளில் பச்சைத் துண்டு, கோட்டைக்குப் போனதும் கையில் நில அளவைச் சங்கிலி! 2014-இல் அவிழ்த்தவர்கள் ஒரு கட்சி. 2023-இல் பெருந்திட்டங்களுக்காக நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று, நீர்நிலை உள்ள நிலத்தையும் சேர்த்து எடுக்க, சபையில் விவாதமே இல்லாமல் நிறைவேற்றியவர்கள் இன்னொரு கட்சி. மேடையில் திட்டிக்கொள்கிற இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நான் யாருக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை, அதனால் துணிந்து சொல்கிறேன்.

அந்தப் பாட்டிக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் ஒரே ஒரு வேலை. அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் போங்கள். 105-ஏ பிரிவை நீக்க வேண்டும், எங்களைக் கேட்காமல் எங்கள் நிலத்தில் கல் நடக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு, நகலைக் கையில் வாங்காமல் யாரும் எழுந்திருக்காதீர்கள்!