எத்தனை பேர்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும் சார். உங்க வேலையைப் பத்தி மட்டும் வேண்டாம், பசங்க தூங்கிடுவாங்க" என்றார். "நான் தனியா சாப்பிட்டதைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி சார், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுர்றேன்" என்றார். ஆகவே உங்களுக்கும் பந்திக்கும் நடுவில் நிற்கிற ஆள் நான்தான். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

2019 பிப்ரவரியில் அமெரிக்காவில் டாம்பா நகரத்தில் என் மகள் வீட்டில் இருந்தேன். அங்கிருந்து ஒன்றரை மணி நேர கார் பயணத்தில் ஆர்லாண்டோ. வால்ட் டிஸ்னி வேர்ல்டு இருக்கிற ஊர். குடும்பமாகப் போக மூன்று நாளைக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கிளம்புகிற அன்று பேரனுக்குக் காய்ச்சல். "அப்பா, நீங்களாவது போயிட்டு வாங்க. உங்க டிக்கெட்டும் சேர்ந்து வீணாப் போகுது" என்றாள் மகள். நம்மிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், காசு வீணாகிறது என்று மட்டும் சொல்லக்கூடாது. கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் எப்காட் பூங்கா. 1982-ல் திறந்தது. அதில் ஓர் ஏரியைச் சுற்றி மெக்ஸிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி என்று 11 நாடுகளின் பெயரில் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்த நாட்டுச் சாப்பாடு. மெக்ஸிகோ பகுதியில் பிரமிடு மாதிரி ஒரு கட்டடம். உள்ளே போனால் வெளியே கொளுத்துகிற வெயில் மறந்துபோகும். எப்போதும் அந்தி நேரம். தூரத்தில் புகைகிற எரிமலை, பக்கத்தில் தண்ணீர், அதில் சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு படகுகள் போகின்றன. கரையில் மேசை போட்டு, சின்ன விளக்கு வைத்துச் சாப்பாடு. இந்த வித்தைக்கு முன்னோடி கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 1967-ல் திறந்த ப்ளூ பாயூ உணவகம். அங்கேயும் இப்படித்தான், நட்டநடுப் பகலில் ராத்திரி.

வாசலில் நின்ற பெண் சிரித்த முகத்தோடு, "எத்தனை பேர்?" என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஒருத்தர்தான்... ஸாரி."

எதற்கு ஸாரி? யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் காத்திருங்கள், இடம் தருகிறோம் என்றுதான் அந்தப் பெண் சொன்னார். எனக்கு முன்னால் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம், பின்னால் தேனிலவுக்கு வந்த ஜோடி. நடுவில் நான், தோளில் பையோடு. இரண்டு நிமிஷம் நின்றேன். பிறகு போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அறுபதை நெருங்குகிற ஆள், முப்பது வருஷம் நூறு பேரை வேலை வாங்கியவன், ஒரு தட்டுச் சோற்றுக்குப் பயந்து ஓடினேன். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெரிய உப்பு ரொட்டியைத் தின்றேன். அரிவாள் மூக்கன் பறவை ஒன்று வந்து, நான் எப்போது கீழே போடுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு எனக்குப் பக்கத்து இலை அதுதான்.

அந்த பெஞ்சில்தான் எனக்கு நம் ஹாஸ்டல் மெஸ் ஞாபகம் வந்தது.

என் செட்காரர்களுக்குச் சொன்னவுடன் தெரியும். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடுகிற மேசை. அதில் நான்கு வருஷமும் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஒத்தப்பந்தி'. அவன் தட்டோடு உள்ளே வந்ததும் ஒருத்தன், "ஒத்தப்பந்திக்கு இலை போடு" என்று கத்துவான். எல்லாரும் திரும்பிப் பார்ப்போம், சிரிப்போம். கத்தியவன் பல நாள் நான்தான். சாம்பார் வாளியோடு வருகிற மெஸ் அண்ணன் ஒருவர் மட்டும் அவன் பக்கத்தில் அரை நிமிஷம் கூடுதலாக நின்று, "தம்பி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தட்டுமா?" என்று கேட்பார்.

அன்று ராத்திரி மகள் போன் செய்தாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஓ, பிரமாதம்." பெற்ற பிள்ளைக்குப் பொய் தெரியாதா? அவள் அம்மா போன பிறகு நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிடுவது அவளுக்குத் தெரியும். போனிலேயே மூன்று இடத்தில் பதிவு செய்துவிட்டாள். அப்போது அங்கே 180 நாள் முன்கூட்டியே மேசை பதிவு செய்யலாம். பெரிய குடும்பங்கள் ஆறு மாதம் முன்பே முந்திக்கொள்ளும். "ஒருத்தருக்குன்னா உடனே கிடைக்குதுப்பா. ஆறு பேருக்குத்தான் இடமே இல்ல" என்றாள். தனி ஆளுக்கும் ஒரு சௌகரியம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மூன்று இடத்தையும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். எஞ்சினியர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

முதல் இடம், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவில் 1991-ல் திறந்த சை-பை டைன்-இன் தியேட்டர். காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கிற திறந்தவெளிக் கொட்டகைகள் ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஏராளம். அதன் நகல் இது. கூரை முழுக்க ராத்திரி வானம். வரிசையாக 1950-களின் கார்கள். கார்தான் மேசை. எல்லாரும் திரையைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். திரையில் பறக்கும் தட்டு, ராட்சதப் பூச்சி என்று பழைய படங்களின் துண்டுகள் ஓடுகின்றன. எதிரில் யாரும் இல்லை, யார் முகமும் யாருக்கும் தெரியாது. என் பக்கத்து சீட் காலி என்பதை யாரும் கவனிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் நானும் மறந்துவிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவசரமில்லாமல், ருசி தெரிந்து சாப்பிட்டேன். தனியாகச் சாப்பிடுவதே சந்தோஷமாக இருக்கும் என்பதை அங்கே கண்டேன்.

இரண்டாவது, அதே பூங்காவில் 1989 முதல் இருக்கிற பிஃப்டீஸ் பிரைம் டைம் கஃபே. இது 1950-களின் வீட்டுச் சமையலறை. பார்மிகா மேசை, பழைய கறுப்பு வெள்ளை டி.வி. பரிமாறுகிறவர்கள் உங்கள் அம்மா, அத்தை, மாமா மாதிரி நடிப்பார்கள். கை கழுவினாயா என்று கேட்பார்கள். முழங்கையை மேசையில் வைத்தால் திட்டு. எனக்கு வந்தது ஓர் 'அத்தை'. என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். பொரித்த கோழி சாப்பிட்டேன், பீன்ஸை ஓரமாக ஒதுக்கினேன். வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்தார். எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இதை முடிக்காமல் உனக்கு இனிப்பு கிடையாது" என்றார். அக்கம்பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பீன்ஸை ஒன்று விடாமல் சாப்பிட்டேன். நடிப்புதான், சம்பளத்துக்குச் செய்கிற வேலைதான், தெரியும். தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வந்தது. 'சாப்பிடு' என்று என்னை ஒருவர் அதட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மூன்றாவது, மறுபடி எப்காட், ஜெர்மனி பகுதியில் பியர்கார்டன். ஜெர்மன் ஊர்த் திருவிழா மாதிரி ஏற்பாடு. நீள நீளமான மேசைகள். அப்போது குடும்பம் குடும்பமாகப் பிரித்து உட்காரவைக்கவில்லை. நம் கல்யாணப் பந்தி மாதிரி முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து உட்காரவைத்தார்கள். என் பக்கத்தில் ஓய்வுபெற்ற கணவன் மனைவி, எதிரில் ஒரு தாயும் இரண்டு பையன்களும். மேடையில் பித்தளை வாத்தியக் கோஷ்டி. நடுநடுவே எல்லாரும் கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். என் கோப்பையில் ஆப்பிள் ஜூஸ்தான். (சங்கத் தலைவர் நம்பவில்லை என்று தெரிகிறது.) அரை மணி நேரத்தில் அந்தச் சின்னப் பையன் என்னிடம் யானையைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலையில் அனிமல் கிங்டம் பூங்காவில் எவரெஸ்ட் மலை ரயிலில் போனேன். ஒரு வரிசைக்கு இரண்டு சீட். மூன்று பேர் வந்தால் ஒரு சீட் காலி. அதை நிரப்பத் தனி ஆட்களுக்கென்றே ஒரு கியூ வைத்திருந்தார்கள். அந்தக் கியூவில் நின்றவன் சீக்கிரம் போய்விட்டான். தனி ஆள் அங்கே தொந்தரவு இல்லை, தேவை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கணக்கு வேறு. இரண்டு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் பாதி வியாபாரம் போச்சு. அப்படியிருந்தும் நான் சொன்ன மூன்று இடத்திலும் தனி ஆள் நிம்மதியாக இருக்க முடிகிறது. ஒன்றில் யாரும் பார்ப்பதில்லை. ஒன்றில் அக்கறையாகக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். ஒன்றில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். இவ்வளவுதான் சூத்திரம்.

ஊர் திரும்பியதும் அந்த நண்பனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான். "இப்ப எதுக்குடா அதெல்லாம்?" என்றான். பிறகு அவனே சொன்னான். அவனுக்குப் பேச்சு திக்கும். அது எங்களுக்குத் தெரியும். தெரியாதது மீதி. "வாயில சோறு இருக்கறப்ப யாராவது கேள்வி கேட்டா எனக்கு உசுரே போயிரும்டா. அதான் ஓரமா உக்காந்தேன். தனியா சாப்பிட்டது எனக்குக் கஷ்டமே இல்ல. நீங்க எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க பாரு, அதுதான் தொண்டையில நிக்கும்."

எனக்குப் பதில் வரவில்லை. அமெரிக்காவில் யாருமே திரும்பிப் பார்க்காதபோதே ஓடினவன் நான். அவன் நான்கு வருஷம், மூன்று வேளையும் இருநூறு பேர் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். இந்தக் கூட்டத்துக்கு வாடா என்று போன மாதம் கூப்பிட்டேன். "நீ போயிட்டு வா. அந்த மெஸ்ஸுக்குள்ள மறுபடி வர எனக்கு மனசில்ல. வேணும்னா பேர் சொல்லாம பசங்ககிட்ட சொல்லு" என்றான். அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய பாட்டை நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்கிற கருத்து. அதைப் படித்துவிட்டு, தனியாகச் சாப்பிடுகிறவனை நாம் குறையாகப் பார்க்கிறோம். அந்தப் பாட்டு சோறு வைத்திருப்பவனுக்குச் சொன்னது. துணை இல்லாதவனைக் கேலி செய்யச் சொன்னது அல்ல.

மாணவர்களே, உங்கள் மெஸ்ஸிலும் ஓர் ஓர மேசை இருக்கும். அங்கே உட்காருகிறவரைக் கையைப் பிடித்து இழுத்து வராதீர்கள். அவருக்கு அந்த இடம் பிடித்திருக்கலாம். முறைத்தும் பார்க்காதீர்கள். பக்கத்தில் போகும்போது, "இங்க உக்காரலாமா?" என்று ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். நாளைக்கு மறுபடி கேளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். மெஸ்ஸைப் புதுப்பிக்க நிதி திரட்டுகிறோம். ஜன்னலைப் பார்த்தபடி, சுவர் ஓரமாக ஒரு நீளப் பலகையும் பத்து ஸ்டூலும் போடுங்கள். தனியாக உட்கார விரும்புகிறவருக்கு அது சை-பை தியேட்டர். நடுவில், யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஒரு நீள மேசை. அதற்கு ஆகும் செலவை நான் தருகிறேன். அந்த ஆடுகிற மேசை இன்னும் இருந்தால், தயவுசெய்து அதன் காலையும் சரி பண்ணிவிடுங்கள்.

நான் இப்போது வீட்டில் தட்டு வைத்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். பீன்ஸும் சாப்பிடுகிறேன். பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். இன்று குடும்பம் வராமல் தனியாக வந்திருக்கும் நண்பர்கள் சிலர் இருப்பீர்கள். என் பக்கத்து இலை காலிதான், வாங்க.

 வணக்கம்.