காத்திருந்த எலும்புகள்



டைனோசார் என்றதும் உங்கள் மனக்கண்முன் எழுவது எது? மரங்களுக்கு மேல் நீண்ட கழுத்தோ, கத்திபோன்ற பல்வரிசையோதான். அத்தகைய பெருவிலங்குகளுக்கும் முன்னோர் இருந்திருக்க வேண்டுமல்லவா? அவற்றின் குலமரத்தில், அடிமரத்துக்கு அருகே கிளைத்த ஒரு பிராணியைப் பற்றி இன்று உங்களுடன் பேச விழைகிறேன். அதன் பெயர் டெலியோகிரேட்டர்.

அது வாழ்ந்த காலம் இற்றைக்குச் சுமார் 24 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. டிரையாசிக் என்று விஞ்ஞானிகள் வழங்கும் யுகத்தின் நடுப்பகுதி அது. அன்று ஆப்பிரிக்கா, இந்தியா, தென் அமெரிக்கா என்ற பிரிவுகள் இல்லை. நிலமெல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து பாஞ்சியா என்னும் ஒரே பெருங்கண்டமாய்க் கிடந்தது. அந்நிலத்தில் வாழ்ந்த ஊர்வனவற்றுள் ஒரு குலம் இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளையின் வழியில் முதலைகள் தோன்றின. மற்றொரு கிளையின் வழியில் டைனோசார்களும், அவற்றின் வழிவந்த பறவைகளும் தோன்றின. நம் வீட்டு முற்றத்துக் கோழிக்கும் ஆற்று முதலைக்கும் பாட்டன் ஒருவனே என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அதுவே உண்மை.

இனி டெலியோகிரேட்டரின் கதைக்கு வருவோம். 1933ஆம் ஆண்டில் ரெக்ஸ் பாரிங்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், அன்று டாங்கனிக்கா எனப்பட்ட இன்றைய டான்சானியாவின் தென்பகுதியில், ருஹுஹு ஆற்றுப் பிரதேசத்தில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். அவை லண்டன் மாநகரத்து இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தன. பின்னர் ஆலன் சாரிக் என்ற இளைஞர், கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டத்துக்காக அவற்றை ஆராய்ந்தார். 1956ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அவரே இப்பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் அதற்கு 'முழுமையான கிண்ணம்' என்று பொருள். தொடையெலும்பின் தலை பொருந்தும் இடுப்புக் குழி, டைனோசார்களில் துளைபட்டுத் திறந்திருக்கும். இப்பிராணியிலோ கிண்ணத்தின் அடியைப்போல் மூடியிருந்தது.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. சாரிக் ஆராய்ந்த எலும்புகளுள் கணுக்கால் எலும்புகள் இல்லை. எனவே இப்பிராணி முதலைக் கிளையைச் சேர்ந்ததா, டைனோசார் கிளையைச் சேர்ந்ததா என்று அவரால் துணிய இயலவில்லை. அவர் சூட்டிய பெயரும் முறைப்படி வெளிவராமலே நின்றது. 1997இல் அவர் காலமானார்.

கணுக்காலில் அப்படி என்ன சிறப்பு? பறவைகளுக்கும் டைனோசார்களுக்கும் கணுக்கால் கதவின் கீலைப் போன்றது. முன்னும் பின்னும் மட்டுமே மடங்கும். முதலையின் கணுக்காலிலோ ஓர் எலும்பின் மேடு மற்றதன் குழியில் பொருந்திச் சுழல்கிறது. இவ்வமைப்பு முதலைக் கிளைக்கே உரிய அடையாளம் என அறிஞர் பலர் கருதியிருந்தனர்.

2015ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் குழு ஒன்று டான்சானியாவின் அதே பகுதியில் தோண்டியது. குறைந்தது மூன்று விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன. அவற்றோடு கணுக்கால் எலும்புகளும் கிடைத்தன! ஸ்டெர்லிங் நெஸ்பிட் முதலானோர் அவற்றை ஆராய்ந்து, 2017 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டனர். மண்டையோடும் தொடையெலும்பும் இது டைனோசார், பறவை ஆகியவற்றின் கிளையைச் சேர்ந்தது என்று காட்டின. கணுக்காலோ முதலையின் கணுக்காலை ஒத்திருந்தது! ஆகவே சுழலும் கணுக்கால், இரு கிளைகளுக்கும் பொதுவான மூதாதையின் சொத்து; பறவைக் கிளை அதைப் பிற்காலத்தில் இழந்தது என்பது தெளிவாயிற்று. அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில், மறைந்து இருபது ஆண்டுகளான சாரிக்கின் பெயரும் இடம்பெற்றது.

டைனோசார்களின் தொடக்ககால உறவினர் சிறிய உடலும் இரு கால் நடையும் உடையவராய் இருந்திருப்பர் என்பதே முன்னைய எண்ணம். டெலியோகிரேட்டரோ 2 முதல் 3 மீட்டர் நீளமும் நீண்ட கழுத்தும் உடையது, நான்கு கால்களால் நடந்தது, ஊனுண்டு வாழ்ந்தது. இது டைனோசாரின் நேர்ப் பாட்டன் அன்று. பாட்டன்வழி உறவு எனலாம். ஆனால் அக்குடும்பத்தின் பழைய சாயலை இதுவே நமக்குக் காட்டுகிறது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் சிவந்த பாறைகளில் கிடைத்த யாராசூகஸ் என்னும் பிராணிக்கு 2005இல் பெயரிட்டபோது, அதை முதலைக் கிளையில் வைத்தனர். டெலியோகிரேட்டர் துலங்கிய பின்னரே, அது இதன் நெருங்கிய சுற்றம் என்பது புலனாயிற்று. ரஷ்யாவிலும் பிரேசிலிலும் கிடைத்த வேறு இரு பிராணிகளும் இக்குழுவில் சேர்க்கப்பட்டன. பெருங்கண்டம் ஒன்றாய் இருந்த காலத்தில் இவ்வினம் எவ்வளவு தொலைவு பரவியிருந்தது, பாருங்கள்!

பாடநூல்களில் முன்னோரையும் வழித்தோன்றல்களையும் படிக்கட்டுபோல் வரிசையாக வரைவது வழக்கம். இயற்கை அவ்வாறு ஒழுங்காக ஏறிச்செல்வதில்லை. ஓர் உறுப்பு முதலில் மாறும். மற்றொன்று நெடுங்காலம் பழைய நிலையிலேயே நிற்கும். முன்னோர் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவது ஒன்று. எலும்புகள் சொல்வது மற்றொன்று. இரண்டும் மாறுபடுமிடத்தில் எலும்புகளின் சொல்லையே நாம் ஏற்க வேண்டும். அதைக் கேட்க 84 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தாலும் சரியே.

நாளைக் காலையில் ஒரு கோழி நடப்பதை உற்றுப் பாருங்கள். அதன் காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்று எண்ணுவர். அது முழங்கால் அன்று, கணுக்கால். சாரிக்குக் கிடைக்காமற்போனவை, அந்த மூட்டின் எலும்புகள்தாம்.