தவிப்பது பெற்றோரே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் சொன்னார், "பரீட்சை எழுதுனது பிள்ளை, தவிப்பும் பிள்ளைக்குத்தான்"னு. ஐயா, தாயில்பட்டிக்கு வந்து பாருங்க!

2018-க்கு முன்னால பொறியியல் கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கே பஸ் ஏறணும். அலைச்சல்தான், ஆனா பெத்தவங்க பிள்ளை பக்கத்துல நின்னாங்க. இப்போ எல்லாம் ஆன்லைன். ரேங்க் பட்டியல் வர்ற நாள்ல மகள் கம்ப்யூட்டர் சென்டர்ல. தாய் பட்டாசு ஆலையில திரி வச்சுக்கிட்டு இருக்கா. உள்ளே செல்போன் கூடாது. ஒரு பொறி போதுமே! சாயங்காலம் வெளியே வந்தாத்தான் சேதி தெரியும். அதுவரைக்கும் கை திரியில, மனசு பட்டியல்ல!

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ல பொறியியலுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதுல இடம் கிடைச்சா கட்டணத்தை அரசே கட்டுது. கிடைக்கலைன்னா?

பிள்ளையோட கவலை, "எந்தக் கல்லூரி?" தாயோட கவலை அது இல்லீங்க. "நாளைக்கு இவளும் என் பக்கத்துல, மருந்துக்கு முன்னால வந்து உட்கார்ந்துடுவாளோ?"

இதைவிடப் பெரிய தவிப்பு ஏது? பெற்றோரே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)