பின்சி: ஒரு சிற்றூரும் ஒரு சொல்லும்



ஆக்ஸ்ஃபோர்டு நகரின் வடமேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் பின்சி என்னும் சிற்றூர் உள்ளது. நடுவே ஒரு புல்தரை, சுற்றிலும் சில வீடுகள், வைக்கோல் கூரையிட்ட பழைய விடுதி ஒன்று, ஊர் அவ்வளவே. எதிர்க்கரையில் போர்ட் மெடோ என்னும் மேய்ச்சல் நிலம் பரந்து கிடக்கிறது. அந்நகரத்தாரின் பொது மேய்ச்சலிடம் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலேயே இடம்பெற்றுள்ளது. இன்றும் போர்ட் மெடோவில் மாடுகளும் குதிரைகளும் மேய்கின்றன.

பின்சி என்னும் பெயரின் இறுதி அசை, பழைய ஆங்கிலத்தில் தீவைக் குறித்த சொல்லின் எச்சமாகும். இன்று அங்குச் செல்வோர் கண்ணுக்குத் தீவு எதுவும் எளிதில் புலப்படாது. ஆற்றின் கிளைகளுக்கிடையே, வெள்ளத்திற்குத் தப்பிய மேட்டில் முன்னோர் குடியேறினர் என்பதை அப்பெயரே நமக்கு உணர்த்துகிறது.

ஊரிலிருந்து ஏறத்தாழ அரை மைல் நடந்தால் புனித மார்கரெட் ஆலயத்தை அடையலாம். அதன் முற்றத்தில், படியிறங்கிக் காணவேண்டிய சிறு கிணறு ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் காவல் புனிதரான ஃப்ரைட்ஸ்வைடின் வேண்டுதலால் ஊற்றெடுத்த நீர், பார்வையிழந்த ஒருவனுக்குக் கண்ணொளி தந்தது என்பது மரபுக்கதை. அக்கிணற்றை மக்கள் 'ட்ரீக்கிள் கிணறு' என்று அழைத்தனர்.

இன்றைய ஆங்கிலத்தில் ட்ரீக்கிள் என்றால் கரிய சர்க்கரைப்பாகு. கிணற்றில் பாகு ஊறுமா? 1865இல் வெளிவந்த 'ஆலிஸின் அற்புத உலகம்' நூலில் லூயிஸ் கரோல் இதனையே வேடிக்கையாக்கினார். பாகுக் கிணற்றினடியில் மூன்று சகோதரியர் வாழ்ந்ததாக ஒரு தூங்குமூஞ்சிச் சிற்றெலி கதை சொல்ல, அப்படியொரு கிணறே இல்லை என்று ஆலிஸ் மறுக்கிறாள்.

உண்மையில் அச்சொல்லின் மூலம் கிரேக்கம். நச்சு விலங்குகளின் கடிக்குரிய மருந்தையே அது முதலில் குறித்தது. பின்னர் நோய்தீர்க்கும் மருந்து எதற்கும் வழங்கியது. மருந்தைத் தேனிலும் பாகிலும் குழைத்துக் கொடுத்தனர். நாளடைவில் மருந்து என்னும் பொருள் மறைய, பாகு மட்டும் எஞ்சியது. ஆகவே அது பாகுக் கிணறு அன்று; மருந்துக் கிணறு. 1874இல் அது புதுப்பிக்கப்பட்டது. கல்லைப் புதுப்பித்தால் கிணறு நிற்கும்; ஆனால் சொல்லின் பொருளைக் கற்பிப்பார் இல்லையேல், ஊரார் நம்பிக்கை வெறும் நகைப்பாகவே எஞ்சும்.

மாணவர்களே, ஓர் ஊருக்குச் செல்லும்போது அதன் பெயர்ப்பலகையையும் படியுங்கள். பொருள் விளங்காத பெயரைப் பிழையென்று தள்ளாதீர்கள். ஆசிரியர்களே, அவர்கள் கேட்கும் வினாவுக்கு அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள்.