கைநாட்டு வைத்தவர்கள்: குடும்ப வரலாறு எழுதப் பழகுதல்



குடும்ப வரலாறு எழுத வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் அம்மாவைப் பெற்ற அம்மாச்சிக்கு அம்மா, அவர் பெயர் என்ன? தகப்பன் வழியில் ஐந்து தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னவர்கள்கூட இங்கே நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம்மிடம் பெயரின் முன்னெழுத்து ஆண் வழியில் வருகிறது. பங்காளிகள், குலதெய்வம், நிலம், பட்டா எல்லாமே ஆண் வழியில் வருகின்றன. பிறந்த வீட்டுக் கணக்கிலிருந்து கல்யாணத்தோடு கழிக்கப்படும் பெண், புகுந்த வீட்டுக் கணக்கில் இன்னார் மனைவியாக, இன்னார் தாயாராக மட்டும் ஏறுகிறார். இரண்டு தலைமுறை போனால் பெயரும் போய்விடுகிறது.

அதனால் இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. குடும்பக் கதையைப் பெண்களிடமிருந்து தொடங்குங்கள். தகவல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அங்கிருந்து தொடங்கும்போது கதையே வேறாகிவிடுகிறது. ஆண்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். தாத்தா வெறுங்கையோடு வந்தார், ராப்பகலாக உழைத்தார், கடை வைத்தார், வீடு கட்டினார். அதே வீட்டில் பாட்டியிடம் கேட்டால் கடைக்கு முதலாகப் போனது யாருடைய நகை, அது அடகிலிருந்து திரும்பியதா, அந்த வருஷம் எந்தக் குழந்தை தங்கவில்லை, எந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள் என்பதெல்லாம் வரும். இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் கதைதான் ஷஷ்டியப்தபூர்த்தி மலரில் அச்சாகிறது.

தமிழில் தன்வரலாற்றுக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. ரெட்டைமலை சீனிவாசன் 1939-இல் தம் ஜீவிய சரித்திரத்தைச் சிறு நூலாகச் சுருக்கி எழுதினார். திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’, நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’ இரண்டும் 1944-இல் வந்தவை. எழுதப் பழகுகிறவர்களை நான் திரும்பத் திரும்ப அனுப்புவது உ.வே. சாமிநாதையரிடம்தான். ‘என் சரித்திரம்’ அவர் பிறப்போடு தொடங்கவில்லை, ஊரோடு தொடங்குகிறது. உத்தமதானபுரத்தின் மண்ணையும் மனிதர்களையும் நிறுத்திய பிறகே அவர் தம் பிறப்புக்கு வருகிறார். படித்த புத்தகம், நடந்த தூரம், தகப்பனார் பட்ட கடன், அக்காலத்துக் கல்யாணச் செலவு என்று கையில் பிடிக்கக்கூடியவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறார். ‘நாங்கள் ஏழைகள்’ என்று அவர் அறிவிக்க வேண்டியதே இல்லை. 85-ஆவது வயதில், 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் அதைத் தொடங்கினார். 1942 ஏப்ரலில் காலமானார். அவ்வளவு பெரிய நூல் முற்றுப்பெறாமலே நின்றது.

இந்த வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய நூலை வைக்க விரும்புகிறேன். செல்லம்மா பாரதியின் பெயரால் 1941-இல் வந்த பாரதியார் சரித்திரம் அது. செல்லம்மா சொன்னார், மகள் தங்கம்மாள் எழுதினார். பாரதியைப் பற்றி அறிஞர்கள் எழுதியவை ஓர் அலமாரிக்கு மேல் இருக்கும். ஆனால் வீட்டில் அரிசி இல்லாத நாள் எப்படிக் கழிந்தது என்பதை அடுப்பங்கரையில் நின்றவர்தான் சொல்ல முடியும். தாய் சொல்ல மகள் எழுதும் இந்த முறையைக் காட்டிலும் குடும்ப வரலாற்றுக்குப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

வங்காளத்தில் ராசசுந்தரி தேவி என்ற அம்மையார், பெண்கள் படித்தால் கேடு என்று நம்பிய 19-ஆம் நூற்றாண்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர். கணவரின் சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து அடுப்படியில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலையோடு அதை ஒப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டினார். பின்னாளில் அவரே தம் வாழ்க்கையை எழுதினார். வங்க மொழியின் முதல் தன்வரலாறாக அதைப் போற்றுகிறார்கள். நம் பாட்டிமாரில் பலருக்கு அந்த ஓலையும் கிடைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற தடம் பெரும்பாலும் பெருவிரல் ரேகைதான்.

அந்த ரேகையை எங்கே தேடுவது? இந்தக் கேள்வியில் சற்று நிற்கிறேன், ஏனென்றால் பலரும் கண்டுகொள்ளாத புதையல் இங்கேதான் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் ஊர் நிலத்துக்கோ வீட்டுக்கோ வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதில் விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை என்று வரிசையாக வரும். நடுவில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று ஒன்று இருந்தால் அதற்கு நகல் மனு போட்டு வாங்குங்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் தனிச்சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. 1989-இல் தமிழ்நாடு செய்த திருத்தம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு கொடுத்தது, அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டு. அந்தப் பங்கை அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதப்படுவதே விடுதலைப் பத்திரம்.

அதைப் படித்துப் பாருங்கள். குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லாத அத்தை ஒருவர் அங்கே இருப்பார். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இத்தனை வயது, இந்த ஊர் என்று முழு அடையாளத்தோடு இருப்பார். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்ததாகப் பத்திர எழுத்தர் எழுதியிருப்பார். கீழே கைநாட்டு. அவர் வாங்கிக்கொண்ட தொகையும் அதில் இருக்கும். அதே காலத்தில் அதே ஊரில் நிலம் என்ன விலைக்குப் போனது என்பதைப் பக்கத்துப் பத்திரத்தில் பார்க்கலாம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து எழுதினாலே போதும், விளக்கவுரை வேண்டாம். அன்றைக்கு அந்த அத்தை பிறந்த வீட்டில் சாப்பிட்டாரா, யார் வண்டியில் கூட்டிவந்தார்கள், அடுத்த பொங்கலுக்குச் சீர் போனதா என்பதை உயிரோடிருக்கும் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். தாள் அதுவரைதான் கொண்டுபோய் விடும்.

காலக்கணக்கு அடுத்த சிக்கல். பாட்டிமார் ஆண்டு சொல்வதில்லை, நிகழ்ச்சி சொல்வார்கள். கீழத்தஞ்சையில் ‘புயலடிச்ச வருஷம்’ என்றால் அது 1952 நவம்பராகவும் இருக்கலாம், 1977 நவம்பராகவும் இருக்கலாம். ராமேசுவரம் பக்கம் அது பெரும்பாலும் 1964 டிசம்பர், தனுஷ்கோடி அழிந்த புயல். அப்போது கையில் எந்தப் பிள்ளை என்று கேட்டால் ஆண்டு தானாக விழும். தமிழ் வருஷம் சொன்னால் கவனம் வேண்டும், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷப் பஞ்சம் 1876-77-ஐ ஒட்டியது. தாது வருஷத்தில் பிறந்த பாட்டி 1936-37-இல் பிறந்தவர். பஞ்சத்தையும் பிறப்பையும் சேர்த்து முடிச்சுப்போட்ட குடும்பக் கதைகளைப் பார்த்திருக்கிறேன். பர்மாவிலிருந்து நடந்து வந்தோம் என்றால் 1942. கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, கப்பலில் வந்தோம் என்றால் நே வின் ஆட்சி, 1964-ஐ ஒட்டிய ஆண்டுகள்.

இனி, கேட்பது எப்படி? ‘உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க’ என்றால் ‘என்னத்தச் சொல்ல, எல்லாரும் மாதிரிதான்’ என்பதோடு முடிந்துவிடும். உணர்ச்சியைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள்.

“அப்பத்தா, நீங்க வாக்கப்பட்டு வந்தப்ப இந்த வீட்ல எத்தன பேருக்குச் சமைப்பீக?”

“எத்தன பேருன்னு யாருடா எண்ணுனா? காலைல ரெண்டு படி ஒலை வப்பேன். வேலைக்காரவுகளுக்குத் தனியாக் கம்பங்கூழு.”

இந்த ஒரு பதிலில் எவ்வளவு இருக்கிறது! வீட்டின் அளவு, விளைச்சல், சாப்பாட்டிலிருந்த மேல் கீழ் எல்லாம் வந்துவிட்டன. தண்ணீர் எங்கிருந்து வந்தது, கடைசியாக யார் சாப்பிட்டார்கள், பிரசவம் பார்த்தது யார் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். வீட்டு ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள், அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் குறுக்கே பதில் சொல்வார்கள். கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும் நேரம் நல்லது. கைபேசியில் பதிவு செய்வதாக இருந்தால் முன்பே சொல்லுங்கள். பேச்சு நின்றால் நிற்கட்டும், உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். ஒன்றைச் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்தால் அந்த மறுப்பு அவர் உரிமை. அதை வேறொருவரிடம் துருவிப் பிடித்து எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். இதைச் சொல்ல மறுத்தார் என்று மட்டும் எழுதுங்கள்.

அந்தத் தனிக் கம்பங்கூழை நான் கடந்துபோக முடியாது. நிலமுள்ள குடும்பங்கள் எழுதும் வரலாற்றில் அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்களுக்குப் பெயர் இருப்பதில்லை. திண்ணையைப் பற்றி இரண்டு பக்கம் உருகி எழுதுகிறவர், அதில் யார் உட்காரவில்லை என்பதை ஒரு வரியாவது எழுத வேண்டும். கொல்லைப்புறமாக வந்தவர் யார், அவருக்குத் தண்ணீர் எதில் ஊற்றினார்கள் என்பதும் அந்த வீட்டின் வரலாறுதான். பாட்டியிடம் கேட்டால் சொல்வார், அவருக்குப் பெயர்களும் தெரியும். எழுதுகிற பேரனுக்கோ பேத்திக்கோ மனம் வர வேண்டும்.

மொழி விஷயத்தில் பாமாவின் ‘கருக்கு’ நமக்கு ஆசான். 1992-இல் வந்த அந்தத் தன்வரலாறு பாமாவின் சொந்த மக்களின் பேச்சையே எழுத்தாக்கியது. அதுவரை அச்சில் மதிப்பில்லை என்று கருதப்பட்ட பேச்சு அது. நம்மவர்கள் இன்னமும், ‘ஐப்பசி கார்த்திகைல ஒருவேளக் கஞ்சிதான், அதுவும் பிள்ளைகளுக்கு’ என்று ஒரு தாய் சொன்னதை ‘வறுமையின் கோரப்பிடியில் வாடினோம்’ என்று திருத்தி எழுதுகிறார்கள். முதலில் சொன்னதில் மாதம் இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, சாப்பிடாமல் இருந்தது யார் என்பதும் இருக்கிறது. திருத்தியதில் ஒன்றும் இல்லை. பாமா எழுதியதற்காக அவருடைய ஊரே அவர் மேல் கோபப்பட்டது, சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாதிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். உயிரோடிருப்பவர்களைப் பற்றிய பகுதிகளை அச்சுக்கு முன் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுக்கும் இடத்தில் அவர்கள் தரப்பையும் சேர்த்துக்கொள்ளலாம், பெயரை எடுத்துவிடலாம். நடந்ததை நடக்கவில்லை என்று மட்டும் எழுதக் கூடாது.

எழுதியதை எங்கே வைப்பது? கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும் கடிதங்களையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின் அவை சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. இன்று 20-ஆம் நூற்றாண்டின் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஆய்கிறவர்கள் அந்தத் தாள்களைப் புரட்டுகிறார்கள். உங்கள் வீட்டு மொய் நோட்டும் அடகுச் சீட்டும் அப்படிப்பட்டவையே. வீடு மாற்றும்போது எடைக்குப் போடாதீர்கள்.

தாயாரின் நினைவாக அறக்கட்டளை நிறுவி இந்த உரைக்கு என்னை அழைத்த குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் என்னைப் போன்ற ஒருவரை அழைத்துப் பேசவைக்கிறீர்கள், மகிழ்ச்சி. அதோடு ஆண்டுக்கொரு குடும்ப வரலாற்றையும் ஒரு சிறுநூலாக அச்சிடுங்கள். இந்த உரை நடக்கும் கல்லூரியின் மாணவர் ஒருவர் தம் வீட்டு மூதாட்டியிடம் கேட்டு எழுதியதாக அது இருக்கட்டும். அட்டையில் சொன்னவர் பெயரை முதலிலும் எழுதியவர் பெயரை அடுத்தும் போடுங்கள். ஒரு படியை இந்தக் கல்லூரி நூலகத்திலும் ஒரு படியை அந்த ஊர்க் கிளை நூலகத்திலும் வையுங்கள். தேர்ந்தெடுக்கவும் மெய்ப்புப் பார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.