தியானத்துக்கு ஓர் இடம்

தியானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் இமயமலைக் குகையும், புலித்தோல் ஆசனமும், நீண்ட சடைமுடியுமே தோன்றுகின்றன. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே பாடப் புத்தகத்தைப் புரட்டும் மாணவர் ஒருவர், "இது நமக்கு உரியதன்று, அதற்கு வேண்டிய இடமும் நம்மிடம் இல்லை, நேரமும் இல்லை" என்று ஒதுங்கி விடுகிறார். இந்த எண்ணம் சரிதானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

தாம்பரத்துக்குத் தெற்கே அதே இருப்புப் பாதையில் இருப்பது கூடுவாஞ்சேரி. அவ்வூரில் 1911-ஆம் ஆண்டில் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. பள்ளிப் படிப்பை நெடுநாள் தொடர அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. தறியில் அமர்ந்து உழைத்தார், இல்லறம் நடத்தினார், தொழில் செய்தார். அவற்றினூடேயே தியானமும் பயின்றார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் 1984-இல் அறிவுத் திருக்கோயிலை அமைத்தார். 2006-இல் மறையும் வரையில் அவர் வற்புறுத்திச் சொன்னது, குடும்பத்தில் இருப்பவருக்கும் தியானம் கைகூடும் என்பதேயாகும்.

இன்னொருவர், பர்மாவில் வாழ்ந்த ஊ பா கின். 1948-இல் அந்நாடு விடுதலை பெற்றபோது அதன் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றவர் அவர். வரவு செலவுக் கணக்குகளுக்கு நடுவே அமர்ந்திருந்த அந்த அதிகாரி, தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்பித்தார். தீராத தலைவலியால் துன்புற்று 1955-இல் அவரிடம் வந்து சேர்ந்த வணிகர்தாம் கோயங்கா. அவர் 1969-இல் இந்தியாவுக்கு வந்து, விபாசனா என்னும் அம்முறையை நாடெங்கும் பரப்பினார்.

நெசவாளர் ஒருவர், கணக்கதிகாரி ஒருவர். காட்டை நாடிச் செல்லாமலே இருவரும் தியானத்தில் தேர்ந்தனர். ஆகவே இடம் இல்லை என்பது போதிய காரணம் ஆகாது.

தியானம் பழகத் தொடங்குகிறவர் செய்ய வேண்டியது என்ன? வயிறு நிறைந்திராத வேளையில், முதுகை நேராக வைத்து அமர வேண்டும். சம்மணமிட்டு அமர இயலாதவர் நாற்காலியில் அமரலாம். கண்களை மூடி, நாசியின் வழியே மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்கவோ இழுத்துப் பிடிக்கவோ வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை மூச்சு வெளியேறும்போதும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, பத்து வந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். முதற்சில வாரங்களுக்குப் பத்து நிமிடமே போதும்.

நான்கு வரை எண்ணுவதற்குள் மனம் நாளைய தேர்வுக்கோ, நேற்றைய சச்சரவுக்கோ ஓடிவிடும். இங்கேதான் பலர் மனம் தளர்ந்து, "எனக்கு இது வராது" என்று எழுந்து விடுகின்றனர். மனம் ஓடியதை அறிந்து, சினமின்றி, மறுபடியும் மூச்சுக்கு அழைத்து வருவதே பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது முறை மனம் ஓடி, நாற்பது முறையும் அதனை அழைத்து வந்தவர், நாற்பது முறை பயின்றவர் ஆகிறார். பாடத்தில் கவனம் சிதறும்போது அதனை மீட்டு வருவதற்கும் இத்திறனே வேண்டும்.

உடலிலும் இதன் விளைவு தெரியும். மூச்சு மெதுவாக வெளியேறும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், ஒரு சொல்லை அமைதியாக மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்வோரின் உடலில் ஏற்படும் இந்தத் தளர்ச்சியை ஆராய்ந்து 1975-இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் தியானம் செய்தால் மதிப்பெண் தானே வரும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். படித்தால்தான் மதிப்பெண் வரும். படிக்க உட்காரும் மனத்தை ஆயத்தம் செய்யத் தியானம் துணை புரியும்.

இனி, இடத்தைப் பற்றிய கேள்வி. கற்கும் இடம் வேறு, பழகும் இடம் வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டும். கற்பதற்கு இப்பகுதியிலேயே வழிகள் உண்டு. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் எளிய உடற்பயிற்சியோடு தியானமும் கற்பிக்கப்படுகிறது. திருநீர்மலையை அடுத்த திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' என்னும் விபாசனா நிலையம் இருக்கிறது. அங்கு நடைபெறும் பத்து நாள் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. பயின்று முடித்தவர்கள் விரும்பி அளிக்கும் கொடையால் அது நடக்கிறது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவதும், பேசாதிருப்பதும், கைபேசியை ஒப்படைத்து விடுவதும் அங்கே விதிகள். ஆதலால் வீட்டில் சில மாதங்கள் பழகிய பின்னர், நீண்ட விடுமுறையில், பெற்றோரைக் கலந்துகொண்டு செல்வதே நலம்.

பழகுவதற்குச் சிறந்த இடம் உங்கள் வீடுதான். குரோம்பேட்டையிலோ பம்மலிலோ ஒற்றை அறை வீட்டில் ஐவர் வசிப்பதாக இருக்கலாம். அவ்வறையிலும் சுவரோரமாக ஒரு பாய் விரிக்க இடம் இருக்கும். வீட்டார் எழுவதற்குச் சற்று முன்னர், நாள்தோறும் அதே நேரத்தில் அதே மூலையில் அமர்ந்தால், சில நாட்களில் அந்த இடமே மனத்துக்கு நினைவூட்டத் தொடங்கும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் ஓசையும், அடுத்த வீட்டுக் குழாயடிப் பேச்சும் கேட்கத்தான் கேட்கும். கேட்டதை அறிந்து மூச்சுக்குத் திரும்புங்கள். ஓசையும் அப்போது பயிற்சியின் ஒரு பகுதி ஆகிவிடும்.

வீட்டில் அறவே இயலாதவர் வேறிடம் தேடலாம். திருநீர்மலைக் கோயிலுக்குக் காலையில் செல்கிறவர், வழிபட்ட பின்னர் சற்று நேரம் ஓரமாக அமரலாம். தாம்பரத்துக்கு 1937-இல் இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயிலும் மாணவர்களுக்கு, முந்நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அதன் வளாகத்தில் மரநிழலுக்குக் குறைவில்லை. ரயிலில் இருக்கை கிடைத்தவர், இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் பத்து மூச்சு எண்ணலாம்.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். கண்ணை மூடி அமரும்போது அச்சமோ பெருந்துயரமோ மிகுந்து வருமானால், பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுங்கள்; மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர் தியானத்தை நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது. மேலும், பெருந்தொகை கேட்கும் ஆசிரியரிடமும், பெற்றோரிடம் சொல்லாதே என்று கூறும் ஆசிரியரிடமும், அற்புதங்களை வாக்களிக்கும் ஆசிரியரிடமும் செல்லாதீர்கள். நல்ல ஆசிரியர் உங்கள் கேள்விகளுக்கு அஞ்ச மாட்டார்.

நாளைக் காலையில் ஒரு பாயை விரித்துப் பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். ஒரு மாதம் தொடர்ந்து செய்த பின்னர், இது உங்களுக்கு உதவுகிறதா இல்லையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அதற்குப் பிறர் சான்று தேவையில்லை.