சட்டசபையில் ஒரு மருத்துவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தேர்தல் காலம் வந்தால் நம் காலனிக்கு வேட்பாளர்கள் வருகிறார்கள். குடிநீர் கேட்கிறோம்; சாலை கேட்கிறோம்; தெருவிளக்குக் கேட்கிறோம். கேட்பது முறையே. ஆயினும், சட்டம் செய்யும் சபைக்கு நாம் அனுப்பும் ஒருவரிடம், "எந்தச் சட்டத்திற்காக வாதாடினீர்கள்?" என்று என்றேனும் கேட்டோமா? அக்கேள்வியின் அருமையை உணர, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் சட்டசபைப் பணியை இன்று நினைவு கூர்வோம்.

அம்மையார் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1926-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற் பெண்மணி அவரே. 1927-இல் அச்சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

சிறுமியரைக் கோயில்களில் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று அவ்வாண்டிலேயே தீர்மானம் கொணர்ந்தார். அவருடைய அன்னையார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். ஆதலின், அக்குலத்து மகளிரின் துயரம் அம்மையாருக்கு ஏட்டில் படித்த செய்தியாக இருக்கவில்லை.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. தீரர் சத்தியமூர்த்தி போன்ற பெரியோரே மறுத்துரைத்தனர். தேவதாசியரிலும் பலர் எதிர்த்து மனுக் கொடுத்தனர். நம் நகரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய இசையரசி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முன்னின்றார். தங்கள் கலையும் உரிமையும் மதிப்பும் பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை வீணென்று நாம் தள்ளிவிடலாகாது.

கோயிற்பணிக்கு ஈடாக அம்மகளிர் பலருக்கு இனாம் நிலங்கள் இருந்தன. பணியை விட்டால் நிலமும் போகும். நிலம் போனால் அடுப்பில் பூனை உறங்கும். இத்தளையை அறுக்காமல் தடை மட்டும் விதித்தால், யாரைக் காக்கச் சட்டம் வந்ததோ அவர்களே தெருவில் நிற்க நேரிடும். அம்மையாரின் முயற்சியால் 1929-இல் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. அது நிலத்தைக் கோயிற்பணி என்னும் நிபந்தனையினின்று விடுவித்தது. பணியை விட்ட பின்னும் நிலம் அவர்களிடமே நின்றது. தீமையைக் களைபவர், அத்தீமைக்கு ஆளானவரின் சோற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே அம்மையாரிடம் நாம் கற்கும் பாடம்.

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது அம்மையார் தம் பதவியைத் துறந்தார். பதவி போயிற்று, பணி நின்றுவிடவில்லை. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-இல்தான். இருபதாண்டுகள் கழித்துப் பிறர் கையால் அறுவடையான பயிருக்கு விதையிட்டவர் அவர்.

நாம் வாழும் இந்நாட்டின் கதையையும் மறக்கலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மைசூர் சமஸ்தானம் தன் பொறுப்பிலிருந்த கோயில்களில் தேவதாசிப் பணியை நிறுத்தியது. ஆயினும் கர்நாடகம் 1982-இல் தனியே ஒரு தடைச்சட்டம் செய்ய நேர்ந்தது. ஆணை ஒன்றினாலேயே வழக்கம் மாய்வதில்லை. நிலமும் நிழலும் கல்வியும் ஆணையின் பின்னே வரவேண்டும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை வேட்பாளர் நம் வாயிலுக்கு வரும்போது குடிநீர் கேட்போம். அதனோடு, "எளியோர்க்காக எந்தச் சட்டம் கொணர்வீர்கள்? அது வந்தபின் அவர்கள் எங்ஙனம் வாழ்வார்கள்?" என்றும் கேட்போம். அக்கேள்வியை நம் வீட்டுப் பெண்மக்களே முன்னின்று கேட்கட்டும்.